மர அச்சுகளைப் படமெடுத்து அளவு காணும் முறை

புதுச்சேரியை அடுத்துள்ள வீராம்பட்டினம் ஆடித் தேருக்குப் பெயர் போன மீனவர் ஊர். செங்கழுநீர் அம்மன் ஆலயத் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே நேரில் வந்து பிடித்து இழுத்துத் துவக்கி வைப்பது வழக்கம். ஆட்சி மாறிய பின்னரும் அவ்வழக்கம் மாறாது, துணைநிலை ஆளுநர் வாயிலாக நடந்து வருகின்றது. இவ்வூருக்கு இன்னொரு புகழும் உண்டு. ஊரையொட்டி அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தாய்ந்தார். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசால் அகழ்ந்தார். 1949இல் பாரிசில் வெளியான கசாலின் நூலில், அரிக்கமேட்டின் பெயருக்கும் முன்னதாக வீராம்பட்டினத்தின் பெயரே தலைப்பில் நிற்கிறது.

அங்குக் கிடைத்த பொருள்களுள் இத்தாலி நாட்டில் செய்யப்பட்ட அரிட்டைன் என்னும் செந்நிற மட்கல ஓடுகள் பெயர் பெற்றவை. அவற்றுட் சிலவற்றில் குயவரின் முத்திரை பதிந்துள்ளது. அவ்வகைக் கலங்களுள் பூவேலைப்பாடு கொண்டவை அச்சில் அழுத்திச் செய்யப்பட்டவை என்பதையும் நாம் அறிவோம். ஆனால் இங்கு நம் கருத்தைக் கவர வேண்டியது வேறொன்று. வீலர் தம் அறிக்கையில் ஓடுகளை அளவுக்கு ஏற்ப வரைந்தும், அளவுகோலோடு படமெடுத்தும் வெளியிட்டார். அதனாலன்றோ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1983இல், விமலா பெக்லி அவ்வரைபடங்களைக் கொண்டே அரிக்கமேட்டின் காலக்கணக்கை மீண்டும் ஆராய இயன்றது! ஓடு எங்கோ பேழைக்குள் கிடக்க, அதன் அளவு மட்டும் தாளின் வழியே உலகெங்கும் செல்ல முடிந்தது.

இம்முறை அகழ்வாராய்ச்சியாளருக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை. நம் கிராமங்களில் செதுக்கிய மர அச்சுகள் பல உள்ளன. வெல்லப்பாகை ஊற்றும் குழிப் பலகை, கொழுக்கட்டை அச்சு, துணியில் பூப்போடும் அச்சுக்கட்டை, மண் பொம்மைக்குரிய அச்சு என இவை பலவகைப்படும். வங்காளத்தார் சந்தேஷ் என்னும் பால் இனிப்பை மர அச்சிலும் மண் அச்சிலும் அழுத்துகின்றனர். கன்னட நாட்டில் சங்கராந்திக்குச் சர்க்கரைப் பாகை மர அச்சில் வார்த்து உருவங்கள் செய்கின்றனர். ஜெர்மானியர் ஸ்பிரிங்கெர்லே என்னும் பணியாரத்துக்கும், டச்சுக்காரர் ஸ்பெகுலாஸ் என்னும் பிஸ்கோத்துக்கும் பூவும் மனிதரும் விலங்கும் செதுக்கிய பலகைகளைப் பல தலைமுறைகளாகக் காத்து வருகின்றனர். அங்கெல்லாம் பழைய பலகை தேய்ந்தால் அதன் அளவை எடுத்துப் புதுப் பலகை செய்துகொள்கின்றனர். நம்மிடையேயோ அச்சு உடைந்தால் அடுப்பெரிக்கப் போய்விடுகிறது. அல்லது பழம்பொருள் வியாபாரி சில நூறு ரூபாய்க்கு வாங்கிச் செல்கிறார்.

அச்சின் அளவு தவறினால் என்ன நட்டம் என்று கேட்போர் இருக்கலாம். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு குழியில் 50 கிராம் வெல்லம் பிடிக்கும் பழைய பலகை ஒன்று இருக்கிறதென்று கொள்வோம். அதனைப் படமெடுத்து, தொலைவிலுள்ள தச்சரிடம் அனுப்பிப் புதிதாகச் செய்யச் சொல்கிறோம். படத்திலிருந்து அவர் கண்ட அளவு நூற்றுக்கு எட்டு மட்டும் மிகுந்துவிட்டது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் எட்டு வீதம் கூடினால் குழியின் கொள்ளளவு நூற்றுக்கு எட்டு மட்டும் கூடுவதில்லை. ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்தாறு கூடுகிறது. 50 கிராம் அச்சு 63 கிராம் அச்சாகிவிடுகிறது. வெல்லத்தைத் துண்டுக் கணக்கில் விற்கும் விவசாயி, ஒவ்வொரு துண்டிலும் கால் பங்கு சரக்கை இலவசமாகக் கொடுத்தவராவார். அளவு குறைந்துவிட்டாலோ, உறையில் அச்சிட்ட எடைக்குக் குறைவாக விற்றார் என்ற பழி அவர்மேல் வரும். எட்டு வீதப் பிழை எங்கிருந்து வரும் என்று ஐயுற வேண்டா. மேசை மேல் அச்சை வைத்து, பக்கத்தில் பள்ளிக்கூட அளவுகோலைக் கிடத்தி, கைபேசியால் கிட்டத்தில் நின்று படமெடுத்தால் அப்பிழை தானே வந்து சேரும்.

அளவுகோல் இருக்க வேண்டிய மட்டம்

காமிராவுக்கு அண்மையில் உள்ளது பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் தெரியும். இது யாவரும் அறிந்ததே. ஆனால் அச்சு விஷயத்தில் இதனைப் பலரும் மறந்துவிடுகின்றனர். அச்சுப் பலகையின் கனம் 4 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பலகையின் முகம் மேசையைவிட 4 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அளவுகோலோ மேசை மேல் கிடக்கிறது. பலகை முகத்திலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் காமிராவைப் பிடித்தால், அளவுகோல் 54 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும். ஆகவே அளவுகோல் தன் மெய்யளவினும் சுருங்கித் தெரியும். அதைக்கொண்டு அளக்கும்போது 12 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் என்று கணக்காகும். மேற்கூறிய எட்டு வீதம் இதுவே.

இதற்குப் பரிகாரம் எளிது. அளவுகோலின் கீழே மரத்துண்டோ அட்டைகளோ அடுக்கி, அதன் மேற்புறம் அச்சு முகத்தோடு ஒரே மட்டத்தில் நிற்குமாறு செய்தல் வேண்டும். விரலால் தடவிப் பார்த்தால் படிக்கட்டு தட்டுப்படாமல் இருக்க வேண்டும். ஓர் அளவுகோல் போதாது; நீளவாட்டில் ஒன்றும் அகலவாட்டில் ஒன்றுமாக மூலைமட்டம் போல இரண்டு வைப்பது நலம். மாணவர்கள் பயன்படுத்தும் மில்லிமீட்டர் கட்டத்தாளை அட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டாலும் தகும். ஆனால் அத்தாளின் கட்டங்கள் சரிதானா என்று எஃகு அளவுகோலால் முதலில் ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழியின் ஆழத்துக்கும் இதே விதி பொருந்தும். அச்சு முகத்தில் அளவுகோல் சரியாக அமைந்தாலும் குழியின் அடித்தளம் முகத்தைவிடத் தாழ்ந்தே இருக்கும். 2 சென்டிமீட்டர் ஆழமுள்ள குழியை 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து படமெடுத்தால், அடியில் 10 சென்டிமீட்டர் உள்ள உருவம் 9.4 சென்டிமீட்டராகத் தெரியும். அதையே 2 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் 9.9 சென்டிமீட்டராகத் தெரியும். ஆகையால் தொலைவில் நின்று படமெடுப்பதே அளவுக்கு உகந்தது. கைபேசியில் தொலைநோக்கு லென்சு இருந்தால் அதனைப் பயன்படுத்துக. இல்லையெனில் ஒன்றரை மீட்டர் பின்வாங்கி எடுத்து, வேண்டிய பகுதியைப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். படத்தின் நுணுக்கம் சற்றுக் குறையும். ஆனால் அளவு பிழைக்காது. அருகிற் சென்றால் நுணுக்கம் பெருகும், அளவு கெடும். தச்சருக்கு வேண்டுவது அளவே என்பதால் நான் தொலைவின் பக்கமே நிற்பேன். நுணுக்கம் வேண்டிய இடங்களை மட்டும் தனியாக அருகிலிருந்து எடுத்துக் கொடுத்தால் இரண்டும் கைகூடும்.

லென்சின் இயல்பால் படத்தின் ஓரங்களில் நேர்க்கோடுகள் வளைந்து தெரிவதும் உண்டு. எனவே அச்சையும் அளவுகோலையும் படத்தின் நடுப்பகுதிக்குள் அடக்குதல் வேண்டும். ஓரங்களைக் காலியாக விட்டுவிடலாம்.

சாய்வு நீக்குதல்

காமிரா அச்சு முகத்துக்கு நேர் செங்குத்தாக நோக்க வேண்டும். பத்துப் பாகை சாய்ந்துவிட்டாலும் சாய்ந்த திசையில் 10 சென்டிமீட்டர் ஏறத்தாழ 9.85 ஆகக் குறுகும். அதோடு அருகிலுள்ள விளிம்பு பெருத்தும் எதிர் விளிம்பு சிறுத்தும் சதுரம் சரிவகம் போலத் தோன்றும். தச்சரின் ரசமட்டத்தை அச்சின் மீது வைத்து இரு திசையிலும் மட்டம் பார்த்து, பின்னர் காமிராவின் முதுகிலும் அதே ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பது ஒரு வழி. பல கைபேசிகளில் மட்டம் காட்டும் வசதியும் இருக்கிறது.

இதனினும் நேர்த்தியான வழி கண்ணாடியைக் கொண்டு செய்வது. முகம் பார்க்கும் சிறு தட்டைக் கண்ணாடி ஒன்றை அச்சு முகத்தின் நடுவில் படிய வைத்துக் காமிராவின் திரையைப் பார்க்க வேண்டும். கண்ணாடியினுள் காமிரா லென்சின் பிம்பம் தெரியும். அப்பிம்பம் திரையின் சரி நடுவில் வந்து நிற்கும் வரையில் காமிராவைச் சாய்த்துத் திருத்துக. நடுவில் வந்துவிட்டால் செங்குத்து அமைந்துவிட்டது என்று பொருள். அதன்பின் காமிராவை அசைக்காது, கண்ணாடியை மட்டும் அகற்றிவிட்டுப் படமெடுக்கலாம். சுவரில் மாட்டிய பலகைக்கும், இடம்விட்டுப் பெயர்க்க இயலாத தேர்ச் சிற்பத்துக்கும் இம்முறை மிகவும் உதவும். அங்கு ரசமட்டத்துக்கு வேலையில்லை. முக்காலி இல்லையேல் நாற்காலியின் மேல் பலகையை நீட்டிக் கட்டியும் காமிராவை நிறுத்தலாம். கையால் பிடித்து எடுத்தல் மட்டும் கூடாது.

வெளிச்சம்

செதுக்குவேலை வெளிச்சத்தால்தான் தெரியும். காமிராவின் சொந்த விளக்கு நேர் எதிரே நின்று எரிவதால் குழிகளையெல்லாம் தட்டையாக்கிவிடும். அதனை அணைத்துவிட வேண்டும். அறையின் கதவைச் சாத்தி, டார்ச்சு விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் ஒவ்வோர் உளித்தடமும் நிழலோடு எழுந்து நிற்கும். மேலிருந்து, கீழிருந்து, இடமிருந்து, வலமிருந்து என்று நான்கு முறை விளக்கை மாற்றி நான்கு படங்கள் எடுப்பது நல்லது. ஒரு படத்தில் நிழலில் மறைந்த கோடு மற்றொன்றில் வெளிப்படும்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் எண்ணிப் பழகியிருக்கிறது. ஆகவே கீழிருந்து ஒளி விழுந்த படத்தைக் காணும்போது குழி மேடாகவும் மேடு குழியாகவும் தோன்றும். இத்தகைய படத்தை மட்டும் அனுப்பினால், கிளியின் இறகு உட்குழிந்ததா புடைத்ததா என்று தச்சர் மயங்குவார். முதன்மையான படத்தை இடப்பக்க மேல்மூலை வெளிச்சத்தில் எடுத்து, வெளிச்சம் வந்த திசையை ஒரு காகித அம்பால் படத்திலேயே காட்டிவிட்டால் ஐயத்துக்கு இடமிராது.

குழி நன்றாகத் தெரியட்டும் என்று எண்ணெய் பூசுவதும் சுண்ணாம்பு தேய்ப்பதும் தகாத செயல்கள். எண்ணெய் பளபளப்பை உண்டாக்கிப் படத்தைக் கெடுக்கும். சுண்ணாம்பு நுண்கோடுகளில் அடைந்து பின்னர் உணவில் கலக்கும். உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

படம் காட்டாதவை

எத்துணை நன்றாகப் படமெடுத்தாலும் ஆழத்தைப் படம் சொல்லாது. அதைக் கையால்தான் அளக்க வேண்டும். அச்சின் முகத்தில் குறுக்காக ஒரு நேரான சட்டத்தை வைத்து, தென்னை ஈர்க்கு ஒன்றைக் குழியின் அடி வரையில் செங்குத்தாக இறக்கி, சட்டத்தின் கீழ்விளிம்பு தொடும் இடத்தில் நகத்தால் கிள்ளி அடையாளம் செய்து அளந்தால் ஆழம் கிடைத்துவிடும். நான்கைந்து இடங்களில் அளந்து, படத்தின் நகலில் அந்தந்த இடத்திலேயே எண்ணைக் குறித்தல் வேண்டும். குழியின் பக்கச் சுவர்கள் சற்றே வெளிப்புறம் சரிந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்து எழுதுக. அச்சரிவு இல்லாவிடில் வெல்லமோ மாவோ அச்சைவிட்டு எளிதில் கழன்று வாராது. நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் இச்சரிவு புலப்படாது.

பிசைந்த மாவை அச்சில் அழுத்தி எடுத்து, அப்பதிவையும் ஈரம் உலருமுன் அளவுகோலோடு படமெடுக்கலாம். உருவம் எப்படி எழும்பும் என்பதைத் தச்சர் அதனால் அறிவார். ஆனால் உலர்ந்த மாவிலிருந்து அளவு எடுக்கலாகாது, அது சுருங்கியிருக்கும்.

மரத்தின் இயல்பு ஒன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும். மரம் நார் ஓடும் திசையில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. நாருக்குக் குறுக்கே சுருங்கவும் விரியவும் செய்கிறது. மழைக்காலத்தில் ஈரக்காற்றை உண்டு விரிந்த பலகை கோடையில் சுருங்கும். கடலோர ஊர்களில் இதனை நன்கு காணலாம். ஆகவே பழைய அச்சில் வட்டமாகச் செதுக்கிய தாமரை இன்று சற்று நீள்வட்டமாக அளவு காட்டினால், முன்னோர் கைத்திறன் குறைந்தவர் என்று எண்ண வேண்டா. நாரின் திசையில் எடுத்த அளவே செதுக்கிய காலத்து அளவுக்கு அண்மையானது. நார் ஓடும் திசையை ஒரு கோட்டால் குறித்துக் கொடுத்தால், தேர்ந்த தச்சர் தாமே திருத்திக்கொள்வார்.

பெரிதாக்கலும் சிறிதாக்கலும்

அளவு கிடைத்தபின் அதே அச்சைப் பெரிதாகவோ சிறிதாகவோ செய்ய விரும்புவோர் உண்டு. 50 கிராம் அச்சை 100 கிராம் அச்சாக்க வேண்டுமாயின் எல்லா அளவுகளையும் இரட்டிப்பாக்கலாகாது. இரட்டித்தால் எடை எட்டு மடங்காகி 400 கிராம் ஆகிவிடும். ஒவ்வோர் அளவையும் 1.26 ஆல் பெருக்கினால் எடை சரியாக இரட்டிக்கும். 4 சென்டிமீட்டர் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆகும். எடையைப் பாதியாக்க 0.79 ஆல் பெருக்க வேண்டும். சிறிதாக்கும்போது நுண்கோடுகளும் மெலிந்துபோவதால் பாகு அவற்றில் ஒட்டிக்கொண்டு உடையும். அத்தகைய கோடுகளில் சிலவற்றைக் குறைத்துவிடுதல் தச்சரின் உரிமை.

மண் பொம்மைக்கு அச்சு செய்வோர் வேறொரு கணக்கையும் பார்க்க வேண்டும். புதுச்சேரியின் வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்ற தொழில். மண் உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். தம் மண் நூற்றுக்குப் பத்து சுருங்குகிறது என்று ஒருவர் சோதித்து அறிந்திருந்தால், 20 சென்டிமீட்டர் பொம்மைக்கு 22 சென்டிமீட்டர் அச்சு போதாது. 20ஐ 0.9 ஆல் வகுத்துக் காணும் 22.2 சென்டிமீட்டரே சரியான அளவு. ஒரே பொம்மையில் இரண்டு மில்லிமீட்டர் பெரிதன்று. ஆயினும் தலையும் உடலும் தனித்தனி அச்சில் செய்து பொருத்துமிடத்தில் அதுவே இடைவெளியாகக் கண்ணில் படும்.

ஊராட்சி செய்யக்கூடியது

வீராம்பட்டினம் அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. கொம்யூன் பஞ்சாயத்தாயினும் தமிழ்நாட்டு ஊராட்சியாயினும், ஊரிலுள்ள அச்சுகளையும் மரச் சிற்பங்களையும் உடையவரின் இசைவோடு படமெடுத்து ஒரு பதிவேட்டில் வைத்தல் இயலாத காரியம் அன்று. கோயில் தேரைப் படமெடுப்பதாயின் அறங்காவலரின் அனுமதி வேண்டும். தேர்க்காலில் ஒரு சிற்பம் பிளந்துவிட்டால், அதே அளவில் மறு சிற்பம் செதுக்க இன்று தச்சருக்கு எதிர்ப்பக்கத்துச் சிற்பமும் முதியோர் நினைவுமே துணை. அளவுள்ள படம் இருந்தால் அவை இரண்டையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

களவைப் பற்றியும் எண்ணுதல் வேண்டும். 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னாட்டுக் கோயில்களின் படங்களை ஒரு லட்சத்துக்கும் மேலாகச் சேர்த்து வைத்துள்ளது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன நடராசர் செப்புத் திருமேனியை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கியிருந்தது. அத்திருமேனி 2014இல் நாடு திரும்புவதற்கு இந்நிறுவனத்தின் பழைய படங்கள் சான்றாக உதவின. நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பத்தையும் கைவினைப் பொருளையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ஆயினும் இது நம் ஊர்ப் பொருள்தான் என்று மெய்ப்பிக்கப் படமும் அளவும் இல்லாவிடில் சட்டம் இருந்தும் பயனில்லை. மரத்தில் உள்ள முடிச்சு, வெடிப்பு, பின்புறத்து உளித்தடம் ஆகியவை ஒரு பலகையைப் பிறிதொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்கள். எனவே முன்புறத்தோடு பின்புறத்தையும் பக்கங்களையும் படமெடுக்கத் தவறலாகாது.

பதிவேட்டில் ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு பக்கம் போதும். உடையவர் பெயர், மரத்தின் வகை, படமெடுத்த நாள், கையால் அளந்த நீளம், அகலம், கனம், ஆழங்கள் ஆகியவற்றை எழுதி, படத்தின் அச்சுப் பிரதியை ஒட்டி வைக்கலாம். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் கைபேசியோடு போய்விடும். தச்சருக்குச் செய்திச் செயலி வழியே அனுப்புவோர், படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பினால் நுணுக்கம் குறையாமல் சேரும்.

பிரதி எடுக்கும் கடையில் ஒரு எச்சரிக்கை வேண்டும். தாளுக்கு அடங்குமாறு படத்தைச் சுருக்குவது அங்குள்ள இயந்திரங்களின் வழக்கம். சில இயந்திரங்கள் ஒரு திசையில் மட்டும் சிறிதே நீட்டிவிடுவதும் உண்டு. பிரதி கைக்கு வந்தவுடன், படத்தில் உள்ள இரு அளவுகோல்களின் மீதும் எஃகு அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். படத்தின் 10 சென்டிமீட்டர் எஃகின் 10 சென்டிமீட்டரோடு நீளவாட்டிலும் அகலவாட்டிலும் ஒத்திருந்தால் அத்தாளைப் பலகையின் மேல் ஒட்டி, தச்சர் உளி பிடிக்கலாம். ஒவ்வாவிடில் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, மெய்யளவில் மீண்டும் எடுத்துத் தருமாறு கேட்க வேண்டும்.